கதவு திறந்தது, முதல் யாரிடம்?

ஐக்கிய அரபு அமீரகத்தில் கம்பெனி தொடங்கும் வெளிநாட்டவர் 51 சதவீதப் பங்கை உள்ளூர்க்காரருக்குத் தர வேண்டியிருந்தது. 2021 ஜூன் முதல் பெரும்பாலான தொழில்களுக்கு அந்த விதி இல்லை. கார் டீடெய்லிங் கடைக்கும் வெளிநாட்டவரே முழு உரிமையாளர் ஆகலாம். எந்த வெளிநாட்டவர் என்பதே வளைகுடாப் புலம்பெயர்வை ஆராயும் என் கேள்வி.

பாலிஷும் செராமிக் கோட்டிங்கும் கைவந்த தொழிலாளியின் விசா முதலாளியின் பிடியில் இருக்கிறது. தனிக்கடை என்றால் உரிமம், வாடகை, சொந்த விசா என எல்லாவற்றுக்கும் முதல் வேண்டும். நம் ஊரில் அந்த முதல் நிலத்தை அடகுவைத்தோ சொந்தக்காரர்களிடம் புரட்டியோ வருகிறது. நிலமும் வசதியான சொந்தமும் யாருக்கு என்பதைச் சாதி முன்பே தீர்மானித்துவிட்டது. நிலமற்ற தலித் இளைஞரோ ஏஜென்ட்டுக்குக் கட்டக் கடன் வாங்கித்தான் விமானமே ஏறுகிறார்.

திறமை இருந்தால் முன்னேறலாம் என்பவர்கள், பிணை கேட்காத கடனுக்கும் சேர்த்தே குரல் கொடுக்கட்டும்.