துருப்பிடிக்காத ஆணிகள்

நம் பள்ளிகளில் மாணாக்கர் கற்கிறார்கள் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் அவர்கள் ஒப்பிக்கிறார்கள் என்பதே உண்மை. ஒப்பித்தலுக்குக் கற்றல் என்று பெயர் சூட்டுவதை இனியேனும் நிறுத்த வேண்டும்.

ஓர் எளிய எடுத்துக்காட்டைக் கொள்வோம். இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் நீரும் வேண்டும் என்பதை விளக்கப் பள்ளி அறிவியலில் ஒரு சோதனை உண்டு. மூன்று சோதனைக் குழாய்களில் ஆணிகள் இடப்படுகின்றன. முதற்குழாயில் சாதாரண நீர். இரண்டாவதில் கொதித்து ஆறிய நீரும் அதன்மேல் எண்ணெய்ப் படலமும். மூன்றாவதில் ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு. சில நாள்களில் முதற்குழாயின் ஆணி மட்டும் துருவேறும். இதன் படத்தை அழகுற வரைந்து, செய்முறையையும் முடிவையும் பிழையின்றி எழுதி முழு மதிப்பெண் பெறுவோர் பலர். ஆனால் பல வகுப்பறைகளில் ஆணி ஒன்றும் நனைவதேயில்லை. "நீரை ஏன் கொதிக்க வைத்தோம்? எண்ணெய் எதற்கு?" என்று கேட்டால் பிள்ளைகள் விழிக்கிறார்கள். நீரில் கரைந்துள்ள காற்றை வெளியேற்றவே கொதிக்க வைத்தோம், அது மீண்டும் புகாதிருக்கவே எண்ணெய் என்று தானே எண்ணிக் கண்டறியும் பிள்ளை, காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதிக்கும் முறையையே கற்றுக்கொள்கிறது. அந்த வாய்ப்பைத்தான் விடையை முன்கூட்டியே நீட்டும் கையேடுகள் பறித்துவிடுகின்றன.

இது புதிய குற்றச்சாட்டன்று. பேராசிரியர் யஷ்பால் தலைமையில் நடுவண் அரசு அமைத்த குழு 1993-இல் 'சுமையற்ற கற்றல்' என்னும் அறிக்கையை அளித்தது. புத்தகப் பையின் எடையைவிடப் புரியாமையின் சுமையே கொடியது என்று அது சுட்டிக்காட்டியது. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் மனப்பாட முறையிலிருந்து கற்றலை விடுவிக்க வேண்டும் என்றது. அறிக்கைகளுக்குக் குறைவில்லை, நடந்தது என்ன? தமிழகத்தில் பல தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டுகள் உருப்போட வைத்தன. அதைத் தடுக்க 2017-18 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வைக் கொண்டுவந்த அரசு, 2025-இல் அதை விலக்கிக்கொண்டது. வினாத்தாளில் வருவதை மட்டும் படித்தால் போதும் என்ற மனநிலை மாறாதவரை, தேர்வுகளைக் கூட்டுவதாலோ குறைப்பதாலோ பயன் விளையாது.

இதன் விளைவுகள் பள்ளியோடு நின்றுவிடுவதில்லை. 2012-இல் பெருந்துறை வட்டாரத்தில் ஈமு கோழி வளர்ப்புத் திட்டங்கள் சரிந்தபோது, மாதந்தோறும் பணம் வரும் என்ற உறுதிமொழியை நம்பியவர்கள் சேமிப்பை இழந்து நின்றார்கள். வட்டிக் கணக்கைப் பள்ளியில் பிழையின்றிப் போட்டவர்களும் அவர்களில் இருந்திருப்பர். "இந்தக் கோழியை இறுதியில் யார் வாங்குகிறார்கள்? எனக்குத் தரும் பணம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்க அவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? 2018 மே மாதத்தில் பிள்ளை பிடிப்போரைப் பற்றிய வதந்தி வாட்ஸ்அப் வழியே பரவியது. கோயிலுக்குச் சென்ற ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்கு இனிப்பு கொடுத்ததற்காகப் போளூர் அருகே கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார். பள்ளிகள் மட்டுமே இதற்குப் பொறுப்பு என்று நாம் கூறவில்லை. ஆயினும் "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒருவரேனும் உரக்கக் கேட்டு, அக்கேள்விக்குக் கூட்டமும் செவிசாய்த்திருந்தால், ஓர் உயிர் எஞ்சியிருக்கும் அல்லவா?

கேள்வி கேட்கப் பழக்கினால் பிள்ளைகள் பணிவை இழப்பர் என்று சிலர் அஞ்சுகின்றனர். இது நம் மரபை அறியாதார் கூற்று. பவணந்தியார் நன்னூலில் மாணாக்கனுக்குரிய கடமைகளைச் சொல்லுமிடத்தில், பாடத்தைப் போற்றுவதோடும் ஆசிரியரை அணுகிக் கேட்பதோடும் நிறுத்திவிடவில்லை. கேட்டதைச் சிந்திப்பதையும், வினா எழுப்புவதையும், பிறர் வினாவுக்கு விடை கூறுவதையும் சேர்த்தே சொல்கிறார். மனனம் வேண்டாம் என்பது நம் வாதமன்று. வாய்பாடும் செய்யுளும் நெஞ்சில் நிற்கட்டும். ஆனால் நெஞ்சில் நிற்பதைக் கொண்டு சிந்திக்கவும் கற்பிக்க வேண்டாமா?

பாடத்தை முடிக்கவே நேரமில்லை என்பது ஆசிரியர்களின் முறையீடு. அதில் நியாயம் உண்டு. எனினும் ஒரு பாடத்திற்கு ஒரு கேள்வி போதும். 1806-இல் நிகழ்ந்த வேலூர்ப் புரட்சியைக் கற்பிக்கையில், "இச்செய்தியை எழுதி வைத்தவர் யார்? கிளர்ந்தெழுந்த சிப்பாய் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பான்?" என்று வினவப் பத்து நிமிடம் ஆகாது. ஆணிச் சோதனைக்கு ஆய்வுக்கூடமும் வேண்டியதில்லை. ஆறிய வெந்நீரும் மூன்று கண்ணாடிப் புட்டிகளும் சிறிது எண்ணெயும் எந்த வீட்டிலும் உண்டு. கால்சியம் குளோரைடு கிடைக்காத இடத்தில், ஈரமற்ற புட்டியை இறுக மூடிவைத்து வேறுபாட்டை ஓரளவு காணலாம்.

திருச்சபை நடத்தும் பள்ளிகளும் இக்குறைக்கு விலக்கல்ல. தேர்ச்சி விழுக்காட்டைப் பதாகையாக வாயிலில் கட்டும் வழக்கம் அங்கும் உண்டு. அப்பதாகையைப் பார்த்தே நாம் பிள்ளைகளைச் சேர்க்கிறோம். ஆகவே பெற்றோராகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் மதிப்பெண்ணை வினவுமுன், "இம்மாதம் எம் பிள்ளை வகுப்பில் என்ன கேள்வி கேட்டது?" என்று வினவுவோம். விடை கிடைக்காவிடில் மறுமாதமும் அதையே வினவுவோம். பெற்றோர் விடாது கேட்பதைப் பள்ளிகள் நெடுநாள் புறக்கணிக்க இயலாது.