வண்டி நுழையாத தீவில் வாழும் வணிகம்



நாற்பத்திரண்டு ஆண்டுகளாகப் பருப்பு மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். கல்யாணம், கருமாதி, குலதெய்வம் கோயில் இவை தவிர வேறு எதற்கும் கடையை விட்டு வெளியூர் போனவன் அல்ல. சென்ற செப்டம்பர் மாதம், ஜெர்மனியில் இருக்கும் என் மகளும் மாப்பிள்ளையும் விடாப்பிடியாக அழைத்துப்போய்க் கிரேக்க நாட்டின் ஒரு சிறு தீவில் ஐந்து நாள் தங்க வைத்தார்கள். ஓய்வெடுக்கப் போன நான் ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு திரும்பினேன். அதை உங்கள் முன் வைக்கவே இக்கட்டுரை.

தீவின் பெயர் ஹைட்ரா. அந்த ஊர்க்காரர்கள் வாயில் அது 'இத்ரா'. ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து விரைவுப் படகில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் சுமார் 2,000 பேர்தான். கரையில் இறங்கியதும் எனக்கு முதலில் பட்டது அங்கிருந்த அமைதி. கார் இல்லை, மோட்டார் சைக்கிள் இல்லை, ஹாரன் சத்தம் இல்லை. குப்பை வண்டி, தீயணைப்பு வண்டி போன்ற ஒன்றிரண்டைத் தவிர மோட்டார் வாகனங்களுக்கு அங்கே சட்டப்படி தடை. எங்கள் பெட்டிகளை ஒரு கோவேறு கழுதை சுமந்தது. நாங்கள் அதன் பின்னால் கல்படிகளில் ஏறினோம்.

வியாபாரிக்குத் தூக்கம் எங்கே வரும்? மறுநாள் விடிந்ததும் துறைக்கு வந்துவிட்டேன். காய்கறிக் கூடை, மாவு மூட்டை, தண்ணீர்ப் பாட்டில், சிமெண்ட் மூட்டை எல்லாம் படகிலிருந்து இறங்கின. தள்ளுவண்டியிலும் கழுதை முதுகிலும் ஏறி, ஆள் நடக்கும் சந்துகளில் கடை கடையாகப் போய்ச் சேர்ந்தன.

என்னைப் போலவே வயதான ஒரு மளிகைக்காரரிடம் மாப்பிள்ளையை வைத்துப் பேச்சுக் கொடுத்தேன். "படகு வாடகை, இறக்குக் கூலி, கழுதைக் கூலி எல்லாம் விலையில் ஏறாதா?" என்று கேட்டேன். "ஏறத்தான் செய்யும். ஏதென்ஸ் விலைக்கு இங்கே கொடுக்க முடியாது. ஆனால் இங்கேயும் கார் ஓடினால் நீங்கள் எதற்கு இங்கே வந்திருப்பீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இத்தீவார் நம்மைப் போன்ற வணிகர்கள்தான். விளைநிலம் அதிகமில்லாத பாறைத் தீவு என்பதால் கடலில் இறங்கினார்கள். நெப்போலியன் போர்க்காலத்தில், பிரிட்டிஷ் கடற்படையின் முற்றுகையை மீறித் தானியக் கப்பல் ஓட்டிப் பெரும் பொருள் ஈட்டினார்கள். 1821-ல் கிரேக்க விடுதலைப் போர் மூண்டபோது அதே கப்பல்களைப் போருக்குக் கொடுத்தார்கள். கடற்படைத் தளபதி ஆந்த்ரேயாஸ் மியாவுலிஸ் இத்தீவின் கப்பல் வணிகர்தான். பிறகு அந்தத் தொழில் சரிந்தது. அடுத்துக் கைகொடுத்த கடற்பஞ்சுத் தொழிலும் நொடித்தது. 1957-ல் வெளிவந்த, சோபியா லாரன் நடித்த ஓர் ஆங்கிலப் படம் இங்கே எடுக்கப்பட்டதிலிருந்து ஊர் உலகுக்குத் தெரிய ஆரம்பித்தது.

சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கியபோது, சந்துகளை இடித்துச் சாலை போட்டிருக்கலாம். அவர்கள் போடவில்லை. முன்னோர் கட்டிய கல் மாளிகைகளும் நடக்கும் பாதைகளும்தான் இன்று அவர்களின் முதல். முதலைக் கரைக்காமல் வட்டியில் வாழ்கிறார்கள். அதே நாட்டில் சாந்தோரினி, மிக்கோனோஸ் தீவுகளில் கப்பல் கப்பலாகக் கூட்டம் குவிந்து, 2025 ஜூலை முதல் உச்ச பருவத்தில் உல்லாசக் கப்பல் பயணிக்குத் தலைக்கு 20 யூரோ கட்டணம் விதித்திருக்கிறது கிரேக்க அரசு.

வரவை மட்டும் எழுதி, செலவை மறைப்பது நல்ல கணக்கல்ல. அங்கே வியாபாரம் பெரும்பாலும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான். குளிர்காலத்தில் பல கடைகளுக்குப் பூட்டு. வயதானவர்கள் படியேற முடியாமல் திணறுகிறார்கள். என் முழங்காலே சாட்சி. வாயில்லா ஜீவன்களின் சுமையும் கண்ணில் படாமலில்லை. கழுதை மீது 100 கிலோவுக்கு மேல், அல்லது அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்று 2018-ல் அந்த அரசு விதி வகுத்தது. அதைப் பார்த்துக் கேட்க ஆளும் வேண்டும்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பகல் நேரத்தில் வாகனங்களைத் தடுக்கலாம் என்று பேச்சு வந்தபோது, கூடாது என்று மனுக் கொடுத்தோம். அதில் முதல் கையெழுத்து என்னுடையது. "வண்டி வராவிட்டால் வாடிக்கையாளர் வரமாட்டார்" என்று மேடையேறிப் பேசியவனும் நான்தான். வண்டிகள் வந்தன. குழந்தையைக் கைபிடித்து நடந்துவந்து சாமான் வாங்கிய தாய்மார்கள்தான் குறைந்துபோனார்கள். அவர்களில் பலர் இன்று புறவழிச்சாலை சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறார்கள்.

ஹைட்ராவை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர முடியாது. 2,000 பேர் வாழும் தீவின் கணக்கு, லோடு லோடாகச் சரக்கு இறங்கும் நம் கடைத்தெருவுக்குப் பொருந்தாது. கழுதை முதுகில் துவரை மூட்டை ஏற்றவும் நான் சொல்லவில்லை. நான் கேட்பது ஒரு மாத சோதனை மட்டுமே. காலை ஒன்பது மணிக்குள்ளும் இரவு ஒன்பது மணிக்கு மேலும் சரக்கு இறக்குவோம். இடைப்பட்ட நேரத்தில் தெருவை நடப்பவர்களுக்கு விடுவோம். மாதக் கடைசியில் கல்லாவை எண்ணிப் பார்ப்போம். நஷ்டம் என்றால் அடுத்த மனுவிலும் முதல் கையெழுத்து என்னுடையதாகவே இருக்கட்டும்.

சங்க நிர்வாகிகள் அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேசப் பொருளாக வைக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மாற்றுக் கருத்து உடையவர்கள் தயங்காமல் எழுதுங்கள். தவறிப் போட்ட கணக்கைத் திருத்தி எழுதுவது வியாபாரிக்கு இழுக்கல்ல.