படம் வேறு, அளவு வேறு

நிலவின் படங்களைப் பகிர்வதில் இந்தியக் கல்விப்புலம் காட்டும் ஆர்வத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட அவற்றை எடுத்த கருவியைச் சோதிப்பதில் காட்டுவதில்லை. சந்திரயான்-2 தரவுகள் இஸ்ரோவின் ‘பிரதான்’ தளத்தில் பொதுவில் கிடைக்கின்றன. தாணேயில் ஒரு வாடகை அறையில் அமர்ந்துகொண்டே ஒரு மாணவர் நிலவின் கிண்ணக்குழிகளை எண்ணலாம், பெரும் பேறுதான். ஆனால் அவர் எண்ணிய குழி, வரைபடம் சொல்லும் இடத்தில்தான் இருக்கிறதா என்று நெறியாளரும் கேட்பதில்லை, வாய்மொழித் தேர்வில் தேர்வாளரும் கேட்பதில்லை. தப்பித்தவறி யாரேனும் கேட்டால், ‘அளவுத்திருத்தம் பொறியாளர் வேலை’ என்ற விடை ஆயத்தமாக இருக்கிறது.

அந்த விடையின் பொறுப்பின்மையைக் காட்ட ஒரு சிறு கணக்கு போதும். சந்திரயான்-2 ஏறத்தாழ 100 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. அதன் நிலப்பரப்பு வரைபடக் கருவியில் ஒரு படப்புள்ளி தரையில் 5 மீட்டர். உயர்துல்லியக் கருவியில் 25 செ.மீ. கருவியின் நோக்குத்திசை ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு பிசகினால் தரையில் அரை மீட்டர் தவறும். முதற்கருவிக்கு அது பொருட்டே அன்று. இரண்டாவதற்கு இரண்டு படப்புள்ளிகள். பிசகு 60-இல் ஒரு பங்கானால் 29 மீட்டர். அப்போதும் படம் கூர்மையாகவே இருக்கும், இடம் மட்டும் பொய்யாகிவிடும். வில்லையின் உருத்திரிபைத் திருத்தாமல் முன்னோக்கு, நேர்நோக்கு, பின்னோக்குப் படங்களிலிருந்து உயரம் கணித்தால் சமதளமும் சரிவாகத் தெரியும். தரையிறங்கு கலத்துக்கு இடம் தேடுகிறவருக்கு இதன் பொருள் விளங்கும்.

ஆய்வகத்தில் ஒருமுறை அளந்துவிட்டால் தீர்ந்தது என்பதும் மாயை. ஏவுதலின் அதிர்வும், வெற்றிடமும், சுற்றுப்பாதையின் வெப்பமும் குளிரும் குவியத் தூரத்தையும் பொருத்துகோணத்தையும் மாற்றிவிடுகின்றன. ஆகவே பறக்கும்போதே மறுபடி அளக்க வேண்டும். நாசாவின் எல்.ஆர்.ஓ. குழு தன் கருவிகளை விண்மீன்களை நோக்கித் திருப்பிப் படமெடுத்தது. அப்போலோ வீரர்களும் லூனாகோட் ஊர்திகளும் விட்டுவந்த லேசர் எதிரொளிப்பான்களைத் தரைக்குறிகளாகக் கொண்டு பிழையைச் சோதித்தது. அந்த வேலை ஆய்விதழில் அறிவியலாகவே வெளிவந்தது.

சந்திரயான்-1 நமக்குக் கற்பித்ததையும் மறந்துவிட்டோம். அதன் விண்மீன் உணரிகள் பழுதாயின. கலத்தின் திசையைக் கைரோஸ்கோப்பைக் கொண்டு காக்க வேண்டியதாயிற்று. 2009 மே மாதத்தில் சுற்றுப்பாதை 200 கி.மீ.க்கு உயர்த்தப்பட்டது. அதே கலத்தில் இருந்த நாசாவின் கனிம வரைபடக் கருவி நீர்த்தடயம் கண்டதை 2009 செப்டம்பரில் நாடே கொண்டாடியது. அந்தக் கருவியின் ஒவ்வொரு படவரியும் நிலவில் எங்கே விழுகிறது என்பதை, எல்.ஆர்.ஓ.வின் லேசர் உயரமானி தந்த நிலத்தோற்றத்தோடு ஒப்பிட்டு மறுபடி கணித்தவர்களை எந்த வகுப்பறை அறியும்? ‘நீர் இருக்கிறது’ என்பதற்கும் ‘இன்ன இடத்தில் இருக்கிறது’ என்பதற்கும் நடுவே நிற்பது அவர்கள் உழைப்பு.

‘அப்படியானால் நம் படங்களையும் அந்த லேசர் வரைபடத்தோடு பொருத்திவிட்டால் போதுமே’ என்பர். சில வேலைகளுக்குப் போதும். ஆனால் பத்து மீட்டர் கணக்கில் இடைவெளி விட்ட அளவைப் புள்ளிகள், 25 செ.மீ. படத்தின் உள்திரிபைப் பிடித்துத் தர மாட்டா. பொருத்துதல் பிழையைப் பரப்பி மறைக்கும். அதன் காரணத்தைச் சொல்லாது.

இத்தனைக்கும் இந்த மண்ணுக்கு அளவையின் வரலாறு புதிதன்று. 1802-இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்த லாம்டன், சங்கிலியின் வெப்பநிலையைக் குறித்துத் திருத்தியபடியே 12 கி.மீ. தூரத்தை 57 நாளில் கடந்தார். தஞ்சைக் கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது தியோடலைட் அடிபட்டுக் கோணியதும், வேலையை நிறுத்தி ஆறு வாரம் அதைச் செம்மைப்படுத்தினார். (அந்த அளவையின் பின்னிருந்த கும்பினியின் நில ஆசை வேறு வழக்கு.)

பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டியது செலவில்லாத காரியம். கருவியின் அளவுத்திருத்தம் ஒன்றை மட்டுமே பொருளாகக் கொண்ட ஆய்வேட்டை முனைவர் பட்டத்துக்குரியதாக ஏற்க வேண்டும். எந்தக் கருவி மாதிரியின் எந்தப் பதிப்பு பயன்பட்டது, எஞ்சிய பிழை எத்தனை மீட்டர் என்ற குறிப்பு இல்லாத நிலவு வரைபடம் ஆய்வேட்டில் இருந்தால், தேர்வாளர் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும்.