பஞ்சமத்தில் நின்றுவிடும் தந்தி

காரைநகர்க் கரையில் நின்றால் தெரிகிற கடற்கோட்டையை ஒல்லாந்தர் 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். எங்கள் தீவுக்கு அம்ஸ்ரர்டாம் என்று பேரும் வைத்தார்கள், ஒட்டவில்லை. அவர்கள் ஆட்சி இங்கே நடந்த காலத்தில்தான் ஜெர்மனியின் திரெஸ்டன் அரண்மனையில் சில்வியஸ் லியோபோல்ட் வைஸ் (1687–1750) லூட் என்னும் தந்தி வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தார். இன்று அந்த இசையைப் பெரும்பாலும் கிற்றாரில்தான் கேட்கிறோம்.

வைஸின் லூட்டில் 13 வரிசை, 24 தந்திகள். முதல் இரண்டு வரிசையும் ஒற்றைத் தந்தி, மற்றவை இரட்டை. அடி வரிசைகளை இடக்கை தொடுவதே இல்லை. உருப்படிக்கேற்பச் சுருதி கூட்டி வைத்தால் கட்டைவிரல் தட்டினாலே போதும், அடுத்த சுரங்களுக்கு அடியில் கார்வை நீளும். கிற்றாரில் இருப்பது ஆறு தந்தி. லூட்டின் கடைசி வரிசையைச் சட்சமாகக் கொண்டால் கிற்றாரின் அடித்தந்தி பஞ்சமத்தோடு நின்றுவிடும். வழக்கமான சுருதியில் அதற்குக் கீழே இறங்க வழியில்லை.

ஆகவே படிப்படியாக இறங்கிவரும் மந்திரச் சுரவரிசை நடுவழியில் ஒரு ஸ்தாயி மேலே தாவியாக வேண்டும். அந்தத் தாவலை எங்கே வைப்பது என்பதில்தான் வாசிப்பவரின் புத்தி தெரியும். கெட்டிக்காரர் வாக்கியம் முடிந்து மூச்சு விடுகிற இடத்தில் தாவுவார். மற்றவர் தந்தி தீர்ந்த இடத்தில் தாவுவார்.

இன்னொரு சிக்கல் ஏட்டில். லூட்டுக்கு எழுதியது சுரத்தை அல்ல, எந்தத் தந்தியில் எந்த மெட்டை அழுத்துவது என்பதை. எவ்வளவு நேரம் ஒலிக்கவிடுவது என்பதை வாசிப்பவரே தீர்மானிக்க வேண்டும். நம்மிடமும் சுரம் எழுதினால் கமகம் வெளியே நின்றுவிடுகிறது. அதற்கென்றே 1904இல் சுப்பராம தீட்சிதர் தம் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் தனிக் குறிகள் போட்டார்.

சிலர் கிற்றாரை லூட் போலவே ஒலிக்க வைக்கப் பாடுபடுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எங்கள் ஊர்ச் சிவன் கோயிலான ஈழத்துச் சிதம்பரத்தின் திருவாதிரையில் நாதஸ்வரம் கேட்கிறோம். கீர்த்தனையின் சாகித்தியம் குழலுக்குள் வராது. வித்துவான் துத்துகாரத்தால் சொல் பிரிகிற இடத்தைக் காட்டிவிட்டு, மிச்சத்தை நாதஸ்வரத்தின் வழியிலேயே கொண்டுபோகிறார்.

இதில் ஒரு பகிடியும் உண்டு. 1930 அளவில் கிற்றார் மேதை செகோவியா வைஸின் பேரில் ஒரு தொகுப்பு வாசித்தார். உண்மையில் அதை எழுதியவர் மெக்சிக்கோவின் மனுவேல் பொன்சே. சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: கிற்றாரில் அது அவ்வளவு வசதியாக உட்கார்ந்தது.

வைஸின் சொந்தக் கைவண்ணம் கேட்க விரும்புவோர் லோகி பிரபுவின் மறைவுக்கு அவர் 1721இல் எழுதிய இரங்கல் உருப்படியில் தொடங்கலாம். லூட்டில் ஒருமுறை, பிறகு கிற்றாரில். இரண்டாம் தடவை மேல்சுரத்தை விட்டுவிட்டுக் கட்டைவிரலை மட்டும் கவனியுங்கள்.