முழுக் கதையும் துண்டுப் பக்கமும்

கதைப் புத்தகம் படிப்பதால் மனிதன் மாறுகின்றானா என்றும், காகிதத்தில் படித்தால் வரும் பலன் செல்பேசியில் படித்தால் வருமா என்றும் இப்பொழுது எங்கும் விவாதம் நடக்கின்றது. காகிதமே உயர்ந்தது என்கின்றார்கள் ஒரு கட்சியார். அதன் காலம் போய்விட்டது என்கின்றார்கள் மற்றொரு கட்சியார். நம் சேலம் நாமக்கல் பக்கத்தில் நடந்த ஒரு காரியத்தை யோசித்துப் பார்த்துவிட்டு இரு கட்சியாரும் பேசட்டும் என்பதே நமது வேண்டுகோள்.

தோழர் பெருமாள்முருகன் அவர்களின் "மாதொருபாகன்" என்னும் நாவல் 2010-இல் வெளியாயிற்று. திருச்செங்கோட்டுப் பக்கத்தில் பிள்ளையில்லாத காளி, பொன்னா என்னும் குடியானவத் தம்பதிகள் ஊராரின் ஏச்சால் படும் துயரமே அதன் கதை. நான்கு வருஷகாலம் அதனால் யாருடைய மானமும் போய்விடவில்லை. 2014 டிசம்பரில் திடீரென்று கிளர்ச்சி கிளம்பிற்று. புத்தகம் கொளுத்தப்பட்டது, கடைகள் அடைக்கப்பட்டன. 2015 ஜனவரி 12-இல் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் "சமாதானப் பேச்சு" நடந்தது. அதன் பிறகு, தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே முகநூலில் அறிவிக்கும்படியாயிற்று.

இந்தக் கோபம் எப்படி உண்டாக்கப்பட்டது? புத்தகத்தின் சில பக்கங்களை மாத்திரம் பிரதியெடுத்து ஊரில் வினியோகித்தார்கள். "மலடி" என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுப் பொன்னா வெந்ததெல்லாம் விட்டுப் போயிற்று. அவளுடைய துயரத்தை அறியாதவன் கையில் கிடைத்தது ஒரு கதையல்ல, கோபத்துக்கு ஒரு சாக்கு. ஒரு நூலை எதிர்க்கவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. நாமே பல நூல்களை எதிர்த்தவர்கள்தான். ஆனால் கொளுத்துகின்றவன் படித்துவிட்டாவது கொளுத்த வேண்டாமா என்றுதான் கேட்கின்றோம்.

நிற்க. அந்தத் துண்டுப் பக்கங்கள் காகிதத்தில்தான் இருந்தன என்பதைக் காகிதக் கட்சியார் கவனிக்க வேண்டும். 2018-இல் 54 ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்த அறிஞர்கள், பாடம், செய்தி முதலியவற்றைத் திரையைவிடக் காகிதத்தில் படிப்போர்க்கே நன்றாக விளங்குகின்றது என்றும், கதை மட்டும் படிப்பதில் அவ்வித வித்தியாசம் காணவில்லை என்றும் கண்டார்கள். ஆகவே கதையைப் பொறுத்தவரை குற்றம் திரையினுடையதல்ல.

கதை படித்தவுடன் மனிதன் மகானாகிவிடுவான் என்பதும் மூடநம்பிக்கையேயாகும். சிறிது நேரம் இலக்கியக் கதை படித்தாலே பிறர் மனத்தை அறியும் திறம் கூடும் என்று 2013-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை சொல்லிற்று. மற்றவர்கள் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில் பலன் உண்டு, ஆனால் சிறிது என்றே தெரிந்தது. சிறிதானாலும் அது எங்கிருந்து வரும்? பிள்ளையில்லாதவளைச் சுபகாரியங்களில் ஒதுக்கும் ஒருவன், பொன்னாவோடு முந்நூறு நாழிகை வேண்டாம், நான்கு இரவு இருந்து பார்க்கட்டும். அடுத்த கலியாணத்தில் அவன் நாக்கு சற்றுத் தயங்கும். அத்தயக்கமே நாம் கேட்கும் மாறுதல். துண்டு படிப்பவனுக்கு அது வராது.

2016 ஜூலை 5-இல் சென்னை உயர்நீதிமன்றம், பிடிக்காதவர் புத்தகத்தை எறிந்துவிடலாம் என்றும், எழுத்தாளர் மீண்டும் எழுத வேண்டும் என்றும் தீர்ப்புச் சொல்லிற்று. அவரும் எழுதலானார். ஆனால் அன்று கையால் வினியோகித்த துண்டு, இன்று வாட்ஸ்அப்பில் திருச்செங்கோட்டிலிருந்து சேலம் ஃபேர்லேண்ட்ஸ் மாடி வீடு வரையில் ஒரு நொடியில் வருகின்றது. படித்தவர் என்று பெயர் பெற்றவர்களும் அதைப் படிக்காமலே மறுபேருக்குத் தள்ளிவிடுகின்றார்கள்.

தோழர்களே! புத்தகம் வாங்க வகையில்லாத கிராமத்தாருக்குச் செல்பேசியே ஒரு நூல்நிலையமாகலாம். அதில் முழுக் கதையையும் படியுங்கள். எழுத்தறியாதவர்க்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். எந்த நூலின் பேராலாவது உங்களைக் கோபப்படச் சொல்லி ஒருவன் வந்தால், "நீ இதை முழுவதும் படித்தாயா?" என்று முதலில் கேளுங்கள்.