அடுத்து எந்தப் படிப்பு?



ஆறாவது செமஸ்டர் நெருங்கிவிட்டால் தல்லாகுளம் டீக்கடையிலும் சரி, வீட்டிலும் சரி, ஒரே கேள்விதான். "அடுத்து என்னப்பா? பி.இ.யா, வேலையா?" உடனே நாமும் எந்தக் காலேஜ், எந்தப் பிரிவு என்று கணக்குப் போட ஆரம்பித்து விடுகிறோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வாங்கப் போகும் பட்டம் செல்லுமா?

"வேலை பார்த்துக்கிட்டே தபால்ல பி.இ. முடிச்சிரலாம் தம்பி" என்று ஆசை காட்டுவோர் எந்தக் காலத்திலும் உண்டு. அப்படி நம்பிச் சேர்ந்தவர்களின் கதி என்ன ஆயிற்று? 4 நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைதூர முறையில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் குறித்து 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் தேர்வில் தேறினால்தான் பட்டம் நிலைக்கும் என்றது. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து. அந்தப் பட்டத்தைக் காட்டி வாங்கிய பதவி உயர்வும் போயிற்று. குடும்பஸ்தர்கள் பலர் மீண்டும் பரீட்சைக்குப் படிக்க வேண்டியதாயிற்று.

ஏ.எம்.ஐ.இ. விஷயமும் அப்படித்தான். 1920ல் தொடங்கப்பட்ட பொறியாளர் கழகம் நடத்தும் தேர்வு அது. நம் சீனியர்கள் பலரைக் கைதூக்கி விட்டது. ஆனால் 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்குத்தான் அது பட்டத்துக்கு இணை என்ற அங்கீகாரம். "மாமா படிச்சாரு, நானும் படிக்கிறேன்" என்று இன்று கிளம்பினால் ஏமாற்றமே மிஞ்சும்.

சரி, செல்லுபடியாகும் வழிகள் எவை? லேட்டரல் என்ட்ரியில் நேரே இரண்டாம் ஆண்டு பி.இ. சேரலாம். மூன்று வருடம். ஆனால் முதலாண்டுக் கணக்கைப் படிக்காமலே மூன்றாம் செமஸ்டர் கணக்கில் போய் விழுவோம். விடுமுறையிலேயே இன்டெக்ரேஷனைத் தூசி தட்டி வைப்பது நல்லது. வேலையில் இருப்பவர்களுக்குப் பகுதிநேர பி.இ. இருக்கிறது. ஏழு செமஸ்டர், மாலை நேர வகுப்பு. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம் 1973 திருத்தத்துக்குப் பின் நமக்கும் பொருந்தும். ஓராண்டுப் பயிற்சி, கையில் உதவித்தொகையும் வரும்.

எல்லாரும் பி.இ.க்கு ஓடித்தான் ஆக வேண்டுமா என்றால், இல்லை என்பதே என் கருத்து. ரயில்வே ஜூனியர் இன்ஜினீயர் பதவிக்கு டிப்ளமோ போதும். டி.என்.பி.எஸ்.சி. உதவிப் பொறியாளர் பதவிக்குத்தான் பட்டம் வேண்டும். எந்த நாற்காலியில் உட்கார ஆசை என்று முதலில் தீர்மானியுங்கள். அதற்கேற்ற படிப்பைத் தேடுங்கள்.

நான் முதலில் அப்ரண்டிஸ், பிறகு பகுதிநேர பி.இ. என்று முடிவு செய்திருக்கிறேன். தங்கை வரும் ஆண்டு பிளஸ் டூ முடிக்கிறாள். ஒரே நேரத்தில் இரண்டு ஃபீஸை எங்கள் வீடு தாங்காது. "பி.இ. போகலையா?" என்று கேலி பேசுவோருக்கு ஒன்று சொல்வேன். மலையிலிருந்து இறங்கும் அழகரே மண்டகப்படி மண்டகப்படியாக நின்று, தல்லாகுளத்தில் தங்கித்தானே வைகைக்குப் போகிறார்! அதனால் அவர் ஆற்றில் இறங்காமலா போய்விட்டார்?

ஆகவே நண்பர்களே, எங்கே சேர்ந்தாலும் பணம் கட்டுமுன் அந்தப் பிரிவுக்கு, இந்த வருடத்துக்கு ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி உண்டா, பட்டம் தரும் பல்கலைக்கழகம் எது என்று பார்த்துவிடுங்கள். வாய் வார்த்தையை நம்பாதீர்கள். அப்பாவின் வியர்வையை செல்லாக் காசாக்கி விடாதீர்கள்!