சிரிக்கப் பயப்படுகிறவர்கள்

"வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும்" என்பது நமது பழமொழி. பழமொழிகளிடம் நமக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆயினும், வாய்விட்டுச் சிரித்தால் போகாத நோய் ஒன்று இருக்கிறது. போகாதது மட்டுமா? சிரிக்கும்போதுதான் அது தலைகாட்டும். சிரித்தாலும், இருமினாலும், தும்மினாலும், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலும், பஸ்ஸைப் பிடிக்க நாலு எட்டு ஓடினாலும் சிறுநீர் தன் வசமின்றிக் கசிந்துவிடும். இந்தத் தொல்லைக்கு ஆளான ஸ்திரீகள் ஹாஸ்யக் கதையைக் கேட்கக்கூட அஞ்சுவார்கள். வீட்டார் அனைவரும் குலுங்கிச் சிரிக்கும்போது அவர்கள் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். காரணம் கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

"இதெல்லாம் பத்திரிகையில் எழுதுகிற விஷயமா?" என்று சில பெரியோர் முகம் சுளிக்கலாம். பல்வலியைப் பற்றி எழுதலாம், கீல்வாயுவைப் பற்றி எழுதலாம், வழுக்கைத் தலையைப் பற்றிப் பக்கம் பக்கமாய் எழுதலாம். தாய்மார்கள் பல வருஷங்கள் படும் துன்பத்தைப் பற்றி மட்டும் எழுதலாகாது என்று எந்த சாஸ்திரமும் விதித்ததாக நாம் அறியோம். எழுதாமலும் பேசாமலும் இருந்ததன் பலன் என்னவென்று சற்று யோசித்துப் பாருங்கள். இந்தத் தொல்லையுள்ள பெண்மணி முதலில் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறாள். பிறகு நெடுந்தூரப் பிரயாணத்தை நிறுத்துகிறாள். கலியாண வீட்டுக்குப் போனால் மணமக்களைப் பார்ப்பதற்கு முன்னால் கழிப்பிடம் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்கிறாள். கோவில் பிராகாரத்தைச் சுற்றுவதும் ஒரு நாள் நின்றுபோகிறது. "அவளுக்குக் கர்வம், எங்கேயும் வர மாட்டாள்" என்று உறவினர் பேசுகிறார்கள்.

தண்ணீரைக் குறைப்பதாலாவது நன்மை உண்டா என்றால், அதுவும் இல்லை. சிறுநீர் அடர்த்தியாகி மூத்திரப்பையை உறுத்தும். மலச்சிக்கல் உண்டாகும். மலச்சிக்கலினால் முக்க நேரிடும். முக்குவதால், ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இடம் இன்னும் தளர்ந்துபோகும்.

எந்த இடம் என்பதை இனிப் பார்ப்போம். குழந்தையைத் தூளியில் இட்டு ஆட்டும் வழக்கம் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அதைப் போன்ற ஒரு தூளியை இயற்கை ஒவ்வொருவர் உடலிலும் கட்டியிருக்கிறது. முன்னே அடிவயிற்றின் கீழுள்ள எலும்பிலிருந்து பின்னே முதுகுத்தண்டின் நுனியான வால் எலும்பு வரையில், இடுப்பெலும்பின் அடியில் விரித்துக் கட்டிய தசைத் தூளி அது. இடுப்புத் தளத் தசைகள் என்று அதற்குப் பெயர். மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அடியிலிருந்து தாங்குவது அதுவே. அவற்றின் வாயில்களை வேண்டும்போது இறுக்கவும் வேண்டும்போது தளர்த்தவும் உதவுவதும் அதுவே.

கர்ப்பகாலம் முழுவதும் அந்தத் தூளி பாரம் சுமக்கிறது. பிரசவத்தின்போது அது எவ்வளவு விரிய முடியுமோ அவ்வளவும் விரிகிறது. சிலருக்குக் கிழிந்தும் போகிறது. ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுக்க நேர்ந்தால் சேதம் அதிகமாகலாம். நாள்பட்ட இருமல், ஓயாத மலச்சிக்கல், உடற்பருமன், தினந்தோறும் பெரும் பாரம் தூக்கும் வேலை, மாதவிலக்கு நின்ற பிறகு உடலில் நேரும் மாறுதல்கள் ஆகியவையும் அதைத் தளர்த்துகின்றன. தூளி தளர்ந்தால் சிறுநீர் கசியும். சிலருக்கு வாயுவையும் மலத்தையும் அடக்க முடியாமற் போகும். சிலருக்குக் கர்ப்பப்பை கீழே இறங்கி, ஏதோ பாரம் தொங்குவது போலிருக்கும்.

வெட்கத்தை விட்டு யாரிடமாவது சொன்னால் அவர்களுக்குக் கிடைக்கும் பதில் இரண்டு. "பிள்ளை பெற்றால் அப்படித்தான்" என்பது ஒன்று. "வயதானால் அப்படித்தான்" என்பது மற்றொன்று. இந்த இரண்டு பதில்களையும் நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. பலருக்கு வருவதென்பது வேறு. வந்தால் போகாதென்பது வேறு. தசை என்பது தலையெழுத்தன்று. கை ஒடிந்து கட்டுப் போட்டவர், கட்டைப் பிரித்தபின் மெலிந்த கையைப் பயிற்சியினால் தேற்றிக்கொள்வதைக் கண்டிருக்கிறோம். கைத்தசைக்குள்ள அந்தச் சக்தி இடுப்புத் தசைக்கு மட்டும் இல்லாமற் போகுமா?

இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர்களில் ஒரு நடன ஆசிரியையும் உண்டு என்பது ரஸமான செய்தி. இங்கிலாந்தில் நடனம் கற்பித்து வந்த மார்கரெட் மாரிஸ் என்னும் பெண்மணி, லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் உடற்பயிற்சிச் சிகிச்சையையும் கற்றுத் தேர்ந்தார். அங்கே அத்துறையில் இருந்த மின்னி ராண்டெல் அம்மையாரின் ஒத்துழைப்புடன், பிரசவ காலத்துக்கும் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்திய காலத்துக்கும் உரிய பயிற்சிகளைப் படங்களுடன் விளக்கி 1936-ல் ஒரு நூல் வெளியிட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1948-ல், அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து டாக்டர் ஆர்னால்ட் கெகல் இந்தத் தசைகளைப் படிப்படியாக வலுப்படுத்தும் முறையை வைத்திய சஞ்சிகையில் எழுதினார். தசை எவ்வளவு இறுகுகிறது என்பதை முள் நகர்ந்து காட்டும் கருவி ஒன்றையும் அவர் அமைத்தார். பயிற்சி செய்கிற பெண் தன் முயற்சியின் பலனைத் தன் கண்ணாலேயே காணலாயிற்று. இன்று உலகெங்கும் இதற்குக் கெகல் பயிற்சி என்றே பெயர். நடனப் பெண்மணியின் பெயரை நினைப்பவர் சிலரே. உலக வழக்கம் அப்படி!

நமது தேசத்தில், "இதெல்லாம் நம் முன்னோர் அறிந்ததுதானே?" என்று கேட்பவர் இல்லாமற் போகார். உண்மைதான். ஹடயோகத்தில் மூலபந்தம் என்று சொல்வது இந்த இடத்தைச் சுருக்கி மேலே இழுப்பதையே. ஆனால் அது யோகம் பயின்றவர்களுக்காக, வேறு நோக்கத்துடன் சொல்லப்பட்டது. பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பத்தியம் வைத்தோம், பிரசவ மருந்து கிளறிக் கொடுத்தோம், வயிற்றைச் சேலையால் இறுகக் கட்டினோம். அடியிலே தளர்ந்து கிடந்த தூளியைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொன்னோமா? பெருமை பேசுமுன் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

நிற்க. பயிற்சியினால் உண்மையிலேயே குணம் உண்டா என்பதைப் பலரும் பரிசோதித்திருக்கிறார்கள். 14 நாடுகளில் 1,817 பெண்களிடம் நடந்த 31 ஆராய்ச்சிகளை ஒன்றுதிரட்டிய காக்ரேன் அறிக்கை 2018-ல் வெளியாயிற்று. இருமும்போதும் தும்மும்போதும் கசியும் வகையைச் சேர்ந்தவர்களில், பயிற்சி செய்தவர்களுள் 100-க்கு 56 பேர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களுள் 100-க்கு 6 பேரே அவ்விதம் சொன்னார்கள். கர்ப்பப்பை முதலியன இறங்கியவர்கள் 447 பேரைக் கொண்டு பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து ஆகிய நாடுகளில் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2014-ல் வந்தது. தனித்தனியே பயிற்சி பெற்றவர்களுக்கு ஓராண்டு முடிவில் தொந்தரவு குறைந்திருந்தது. மருந்தில்லை, கத்தியில்லை; இத்தனை நன்மை.

செய்யும் விதம் யாதெனில்: முதலில் பாயில் மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ள வேண்டும். நாலு பேர் நடுவில் வாயுவை அடக்குவதுபோலவும், அதே சமயத்தில் சிறுநீரை அடக்குவதுபோலவும் உள்ளே சுருக்கி மேலே தூக்க வேண்டும். ஆறு முதல் எட்டு விநாடி நிறுத்தி, அவ்வளவு நேரமாவது முழுதும் தளர விட வேண்டும். மூச்சைப் பிடிக்கலாகாது. தொடையையும் பிருஷ்டத்தையும் இறுக்கலாகாது. ஒரு வேளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை, நாளொன்றுக்கு மூன்று வேளை. படுத்துச் செய்வது கைவந்தபின் உட்கார்ந்தும், பின்னர் நின்றும் செய்யலாம். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகுவது கூடாது. அதனால் பை முழுதும் காலியாகாமற் போகலாம். இருமல் அல்லது தும்மல் வருகிறதென்று தெரிந்தவுடன், வருவதற்கு முன்பே தசையைச் சுருக்கிக்கொள்ளும் உபாயம் ஒன்றும் உண்டு. கசிவு சொற்பமாக உள்ளவர்களில் பலருக்கு இது கைகொடுக்கும் என்று 1998-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, "ஆயிற்று, நாமே செய்துகொள்ளலாம்" என்று பத்திரிகையை மடித்து வைத்துவிட வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத தசை இது. 1991-ல் அமெரிக்காவில் 47 பெண்களுக்கு வாய்வார்த்தையாகச் சொல்லிக் கொடுத்துப் பரிசோதித்தார்கள். சரியாகச் செய்தவர் ஏறக்குறையப் பாதிப் பேரே. நாலில் ஒருவர், தூக்குவதற்குப் பதிலாக முக்கிக் கீழே தள்ளினார்! அதனால் தொல்லை அதிகமாகுமேயன்றிக் குறையாது. ஆகையால்தான் பிஸியோதெரபி என்றும் இயன்முறை மருத்துவம் என்றும் வழங்கும் சிகிச்சையில் இதற்கென்று பழகியவர் ஒருவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறோம். பல ஊர்களில் பெண்களே இந்தச் சிகிச்சையைச் செய்கிறார்கள். அனுமதி பெற்று, தனி அறையில், தசை இறுகுகிறதா தளர்கிறதா என்று அவர்கள் சோதித்துச் சொல்வார்கள். பிரான்ஸ் தேசத்தில் பிரசவமான பெண் இந்தப் பயிற்சி பெறுவதற்கான செலவைச் சமூகக் காப்பீடே ஏற்கிறது.

நிபுணரிடம் போவதற்கு இன்னொரு முக்கியமான காரணமும் உண்டு. எல்லோருடைய தூளியும் தளர்ந்திருப்பதில்லை. சிலருக்கு அது ஓயாமல் இறுகிக் கிடக்கும். அவர்களுக்கு அடிவயிற்றிலும் இடுப்பின் அடியிலும் வலி, மலம் கழிப்பதில் சிரமம், தாம்பத்தியத்தில் வேதனை முதலியன உண்டாகும். இறுகியதை மேலும் இறுக்கினால் என்ன ஆகும்? வலிதான் வளரும். அத்தகையோருக்கு வேண்டுவது தளர்த்தும் பயிற்சி: வயிறு நிறைய நிதானமாக மூச்சு விடுதல், இடுப்பை இளக்கும் நிலைகள், தேர்ந்தவர் கையால் தசையை இளக்குதல். நோய் இன்னதென்று அறியாமல் பக்கத்து வீட்டு அம்மாளின் பயிற்சியைப் பின்பற்றுவது, பக்கத்து வீட்டு அம்மாளின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொள்வதற்கு ஒப்பாகும்.

பயிற்சி சர்வரோக நிவாரணி என்று நாம் சொல்லவில்லை. சிலருக்குப் பாதி குணமே கிட்டும். கர்ப்பப்பை அதிகமாக இறங்கியவர்களுக்கு உள்ளே தாங்கும் வளையமோ அறுவைச் சிகிச்சையோ தேவையாகலாம். சிறுநீரில் இரத்தம் கண்டாலும், எரிச்சலுடன் ஜுரம் வந்தாலும், சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், கால்களின் இடையில் திடீரென்று மரத்துப்போனாலும் தாமதமின்றி டாக்டரிடம் போக வேண்டும். புருஷர்களும் இதைத் தமக்குச் சம்பந்தமில்லாத விஷயமென்று எண்ண வேண்டாம். பிராஸ்டேட் சுரப்பியில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பலருக்குச் சிறுநீர் கசிகிறது. அவர்களுக்கும் இதே பயிற்சியைத்தான் கற்பிக்கிறார்கள்.

கடைசியாக, வீட்டிலுள்ளோருக்கு ஒரு வார்த்தை. இந்தச் சிகிச்சைக்குக் குறைந்தது மூன்று மாதம் வேண்டும். முதல் இரண்டு வாரத்தில் ஒன்றும் தெரியாது. அப்போதுதான் பலரும் விட்டுவிடுகிறார்கள். விடாமற் செய்வதற்கு வேண்டிய பொருள் ஒரு பாயும், நாளில் மூன்று தடவை யாரும் கூப்பிடாத பத்து நிமிஷமுந்தான். பாய் எந்த வீட்டிலும் இருக்கிறது. பத்து நிமிஷத்தைக் கணவரும் மாமியாரும் மனசு வைத்தால் கொடுக்கலாம். குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள், "யார் ஜாடை? எத்தனை எடை?" என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். நெருங்கிய பெண்டிர் ஒருவரேனும் தாயின் அருகில் உட்கார்ந்து, "இருமினால் தும்மினால் உனக்குத் தொந்தரவு ஏதாவது இருக்கிறதா, அம்மா?" என்று கேட்கட்டும். பல வருஷங்கள் பேசாமல் பொறுத்திருக்கவிருந்த ஒருத்தி அன்றைக்கே வாய் திறந்து சொல்லக்கூடும்.